லாபம், இரண்டு, மூன்று

பெண்கள் விடுதி, இரண்டாம் மாடி
பிப்ரவரி 2

அன்புள்ள வாலு அப்பாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுதினால் நீங்கள் நம்பப்போவதில்லை. சளி இன்னும் போகவில்லை. முழங்கால் வலிக்கிறது. விடுதி அறை இரண்டாவது மாடி, லேப் மூன்றாவது மாடி. கணக்கு வகுப்பை மட்டும் யாரோ புண்ணியவான் தரைத்தளத்தில் வைத்திருக்கிறார்.

போனில் பேசினால் மூன்றாவது பேச்சிலேயே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை போனை நீங்கள் வைத்தீர்களா நான் வைத்தேனா என்றுகூட ஞாபகம் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பாருங்கள். நான் சொல்லி முடிக்கிறவரை நீங்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும். நீங்களும் எழுதுங்கள். தினமும் பில் எழுதுகிற கைதானே, நாலு வரி எழுதினால் தேய்ந்துவிடாது.

இந்த வாரம் முழுக்க வெப்பம் பற்றிய பாடம். சூடான பொருள் தானாக ஆறும், ஆறினது தானாகச் சூடாகாது என்று ஒரு விதி. அதைச் சொல்ல ஒரு மணி நேரம் கரும்பலகை முழுக்க எழுதினார்கள். "இதைத்தான் எங்க வீட்டுக் காப்பி தினம் சொல்லுதே" என்று பக்கத்துப் பெண்ணிடம் முணுமுணுத்தேன். அவள் களுக்கென்று சிரிக்க, இரண்டு பேரையும் எழுப்பி நிற்கவைத்துவிட்டார்கள். முப்பத்தாறு வயசில் வகுப்பில் எழுந்து நின்றேன். ஆனால் மறுநாள் அதையே கணக்காகப் போட்டுப் பார்த்தபோது, காப்பி ஏன் ஆறியே தீர வேண்டும் என்று பளிச்சென்று புரிந்தது. அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் இங்கே கிடக்கிறேன். மற்ற நேரமெல்லாம் தூக்கமும் தலைவலியும்தான்.

அறையில் என்னோடு இருக்கிற பெண்ணுக்குச் சிணுங்கி என்று பெயர் வைத்திருக்கிறேன். எதற்கெடுத்தாலும் சிணுங்குவாள். நல்ல பெண். மற்றவர்கள் என்னை ஆன்ட்டி என்கிறபோது இவள் மட்டும் அக்கா என்கிறாள். நேற்று மெஸ்ஸில் தட்டுகளை எடுத்து வைக்கும்போது என் வாய் தன்பாட்டுக்கு "லாபம், ரெண்டு, மூணு" என்று எண்ணியது. "அதென்னக்கா லாபம்?" என்று கேட்டாள். "எங்க தானியக் கடையில முதல் படியை ஒண்ணுன்னு சொல்ல மாட்டோம். ஒண்ணுன்னா ஒண்ணோட நின்னுடும்னு லாபம்னு ஆரம்பிப்போம்" என்றேன். இப்போது மொத்த மெஸ்ஸும் லாபம், லாபம் என்று என்னைக் கேலி செய்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் காலேஜில் சீட்டுக் கிடைத்த வாரத்தில்தான் எனக்குக் கல்யாணம் ஆனது. "அப்புறமா படிச்சுக்கலாம்" என்று அன்றைக்கு எல்லாரும் சொன்னார்கள், எல்லாரும் மறந்துபோனார்கள். நீங்கள் ஒருத்தர்தான் மறக்கவில்லை. பதினாறு வருஷம் கழித்து விண்ணப்பத்தை வாங்கிவந்து கல்லாப்பெட்டி மேல் வைத்ததும் நீங்கள்தான். அதே நீங்கள் "இந்த வயசுல இதெல்லாம் தேவையா" என்று போனில் கேட்கிறபோது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நம் வாலுவைப் போனுக்கு வரச் சொல்லுங்கள். பதிமூன்று வயசுக் குழந்தைக்கு இவ்வளவு வீம்பு ஆகாது.

உங்கள்,
வாலு அம்மா

•

கடை
பிப்ரவரி 11

வாலு அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பில் என்றால் பொருளையும் விலையையும் எழுதினால் போதும். இதில் எதை எழுதுவது என்று தெரியாமல் ஒரு பொழுது போய்விட்டது.

மூட்டை தூக்குகிறவர் வேலையை விட்டு மகன் வீட்டுக்குப் போய்விட்டார். வேறு ஆள் அமையவில்லை. நானே தூக்கினேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. டாக்டர் "இனிமே மூட்டையைத் தொடவே கூடாது" என்றார். "அப்ப யார் தூக்குறது, நீங்க வர்றீங்களா?" என்று கேட்டேன். மனுஷனுக்குச் சிரிப்பே வரவில்லை.

எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அம்மா தானியம் வாங்க வந்தார். "வீட்டுல யாரும் இல்லையா, நீங்களே அளக்குறீங்க?" என்று கேட்டார். "காலேஜ்ல படிக்கிறா" என்றேன். "பொண்ணா?" என்றார். "பொண்டாட்டி" என்றேன். என்ன படிப்பு என்றார். பிசிக்ஸ் என்றேன். "ஐயோ பாவம்" என்றுவிட்டுப் போனார். யாரைச் சொன்னார் என்று இன்னும் தெரியவில்லை.

வாலுவைப் பற்றிக் கேட்டிருந்தாய். நீ போனதிலிருந்து அவள் கடைக்குள் காலை வைப்பதில்லை. படியைக் கையால் தொட்டதில்லை. "அம்மா வந்து அளக்கட்டும்" என்கிறாள். பள்ளி விட்டால் நேரே வீடு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். நான் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு "உப்பு இல்ல" என்பாள். ஒரு நாளைக்கு எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த வருஷப் பரீட்சையோடு வந்துவிடு. இரண்டு வருஷம் படித்துவிட்டாய், போதும். விண்ணப்பம் வாங்கிவந்தது நான்தான், இல்லையென்று சொல்லவில்லை. அன்றைக்கு என் இடுப்பு நன்றாக இருந்தது. மூன்று வருஷம் என்பது இவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது. மூன்றாவது வருஷமும் அங்கேதான் இருப்பேன் என்றால் இரு. ஆனால் அதற்கப்புறம் இந்த வீட்டுக்குத் திரும்புகிற பேச்சை என்னிடம் எடுக்காதே.

இதைக் கோபத்தில் எழுதவில்லை. கோபமென்றால் நாளைக்குத் தணிந்துவிடும். அலுப்பில் எழுதுகிறேன்.

வாலு அப்பா

•

விடுதி
பிப்ரவரி 24

அன்புள்ள வாலு அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மாடிப்படியில் நின்றே படித்தேன். உடனே பதில் எழுத உட்கார்ந்தால் போனில் பேசுவது போலவே ஆகிவிடும் என்று தள்ளிப்போட்டேன். இப்போதும் எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. உங்களுக்கு இடுப்பு போனது, எனக்கு மனசு விட்டுப்போனது. நம்மில் யார் அதிகம் களைத்தவர் என்று பந்தயம் வைத்தால் இரண்டு பேருமே தோற்போம்.

இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். வாலுவைக் கொடுக்கச் சொல்லுங்கள், வீம்புக்காரி என்றாலும் அதைச் செய்வாள்.

லேபில் எனக்கு ஒரு தலைவிதி வந்து சேர்ந்திருக்கிறது. முழுக்கத் துளை போட்ட நீளமான இரும்புப் பட்டை ஒன்று. ஒவ்வொரு துளையிலும் அதைத் தொங்கவிட்டு ஊசல் மாதிரி ஆட்ட வேண்டும். இருபது ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக் கணக்குப் போட்டால், பூமி ஒரு பொருளைக் கீழே இழுக்கிற அளவு கிடைக்கும். ஒன்பது புள்ளி எட்டு வர வேண்டும். எல்லாருக்கும் வருகிறது. எனக்கு மட்டும் பத்து புள்ளி எட்டு.

அவர்களுக்கு எப்படி வருகிறது என்று சிணுங்கி சொன்னாள். "ஒம்பது புள்ளி எட்டுல ஆரம்பிச்சு அப்படியே பின்னாடி போங்கக்கா, நேரமெல்லாம் தானா வந்துடும். யாருக்கா இதை ஆட்டிக்கிட்டு நிக்குறது?" எனக்கு அது வராது. பதினாறு வருஷம் படி அளந்த கை. வந்த அளவைத்தான் எழுதுவேன். அதையே எழுதிக்கொண்டுபோய் நீட்டினேன்.

லேப் சார் மூக்குக் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். "உலகத்துக்கெல்லாம் ஒரு அளவு. உங்களை மட்டும் பூமி கூடுதலா இழுக்குதா?" என்றார். "ஆமா சார், ரெண்டு வருஷமா அப்படித்தான் இருக்கு" என்று நாக்கு நுனிவரை வந்தது. அடக்கிக்கொண்டேன். "எங்கேயோ தப்பு. எங்கேன்னு கண்டுபிடிக்கிறது உங்க வேலை. கண்டுபிடிக்காம ரெக்கார்டுல கையெழுத்து கிடையாது" என்று சொல்லிவிட்டார். அந்தக் கையெழுத்து இல்லையென்றால் செய்முறைத் தேர்வு எழுத முடியாது. அது எழுதாமல் மூன்றாம் வருஷம் இல்லை.

பட்டையை மாற்றினேன். கடிகாரத்தை மாற்றினேன். ஜன்னலைச் சாத்திவிட்டுச் செய்தேன். சனியன், மறுபடியும் பத்து புள்ளி எட்டு. நான் செய்வதுதான் என்ன? பட்டையை ஒரு பக்கம் இழுத்து விடுகிறேன். விடும்போதே கடிகாரத்தை அமுக்குகிறேன், வாய்க்குள் லாபம் என்கிறேன். பட்டை போய்த் திரும்பி வரும்போது இரண்டு, அடுத்து மூன்று. இருபது என்றதும் கடிகாரத்தை நிறுத்துகிறேன். இதில் தப்பு பண்ண என்ன இருக்கிறது? சொல்லி அழ இங்கே ஆள் இல்லாததால் உங்களிடம் எழுதுகிறேன், உங்களுக்கு இதெல்லாம் தலையெழுத்தா என்ன.

சரி, உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். மார்ச் நடுவில் எனக்குக் கடைசி வாய்ப்பு. அதிலும் பத்து புள்ளி எட்டு வந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன். சத்தியம். இந்தப் படிப்பு எனக்கு வாய்க்கவில்லை என்று நினைத்துக்கொள்கிறேன். வந்தபின் அளப்பேன், சமைப்பேன், உப்புப் போடுவேன். பிசிக்ஸ் என்ற பேச்சை மட்டும் நீங்கள் எடுக்கக் கூடாது. கேலிக்குக்கூட.

உங்கள்,
வாலு அம்மா

•

கடை
மார்ச் 8

வாலு அம்மாவுக்கு,

நீ எழுதியது எல்லாம் புரிந்தது. வருவதானால் வா. மூலையில் உன் ஸ்டூல் அப்படியேதான் இருக்கிறது. அதன்மேல் சாக்கு வைத்திருந்தேன், எடுத்துவிட்டேன்.

வேறு ஒரு கூத்து நடந்தது. உனக்குச் சிரிப்பு வருமே என்று எழுதுகிறேன். ஒருத்தர் இருபது படி தானியம் கேட்டார். என் இடுப்பைப் பார்த்து வாலு "நான் அளக்குறேன்பா" என்று வந்துவிட்டாள். லாபம், இரண்டு என்று கடையே அதிர எண்ணினாள். இருபது என்று சொன்னாளோ இல்லையோ, படியைக் கீழே போட்டுவிட்டுச் சாக்கைக் கட்டப் போய்விட்டாள். வந்தவர் விவரமான ஆள். "பாப்பா, ஒரு படி குறையுதே" என்றார். இவள் விடுவாளா? "இருபது எண்ணியாச்சு, உங்க காது கேட்கலையா?" என்று சண்டைக்குப் போனாள்.

அளந்து பார்த்தால் பத்தொன்பதுதான் இருக்கிறது. ஏன் தெரியுமா? நாம் படியைக் குவியலுக்குள் விடும்போதே லாபம் என்று சொல்லிவிடுகிறோம். அது சாக்கில் விழுவது அப்புறம்தான். இருபது என்று சொல்லும்போது இருபதாவது படி இன்னும் கையில்தானே இருக்கிறது? அதைக் கொட்டினால்தானே கணக்கு முடியும்? இவள் சொல்லோடு நிறுத்திவிட்டாள். "வாய் முடிச்சிடுச்சு, கை இன்னும் முடிக்கலடி" என்றேன். மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டாள்.

அவ்வளவுதான் விஷயம். இடுப்பு பரவாயில்லை. ஒத்தடம் கொடுக்கிறாள்.

வாலு அப்பா

•

விடுதி
மார்ச் 19

என் அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தை மெஸ்ஸில் வரிசையில் நின்றபடி படித்தேன். "வாய் முடிச்சிடுச்சு, கை இன்னும் முடிக்கல" என்கிற வரியை இரண்டு தடவை படித்தேன். தட்டை அப்படியே வைத்துவிட்டு லேபுக்கு ஓடினேன். இந்த முழங்காலோடு மூன்றாவது மாடி. பூட்ட வந்தவரைக் கெஞ்சி உள்ளே போனேன்.

பட்டையை விடும்போது லாபம் என்று சொல்லவில்லை. பூஜ்யம் என்றேன். போய்த் திரும்பி வந்த பிறகுதான் ஒன்று. நான் இத்தனை நாளும் பத்தொன்பது ஆட்டத்தை அளந்துவிட்டு இருபது என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். எல்லாத் துளைக்கும் மறுபடி செய்து கணக்குப் போட்டேன். ஒன்பது புள்ளி ஏழு எட்டு.

மறுநாள் சாரிடம் ரெக்கார்டை நீட்டினேன். "தப்பு எங்க இருந்துச்சு?" என்றார். "வாய் முந்திடுச்சு சார்" என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, "இந்த வகுப்புல நிஜமா ஆட்டிப் பார்த்தது நீங்க ஒருத்தர்தான்னு எனக்குத் தெரியும்" என்றார். முன்னாடியே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

சந்தோஷத்தில் அறைக்கு வந்து உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். அப்போதுதான் உறைத்தது. வாலு படியைத் தொடுவதே இல்லை என்று எழுதினீர்களே, அந்தக் கடிதம் என் தலையணைக்கு அடியில்தான் இருக்கிறது. நீங்கள் கடையில் இருக்கிற நேரம் பார்த்து வீட்டுக்குப் போன் போட்டேன். அவளே எடுத்தாள். எத்தனை மாசம் ஆச்சு அவள் குரலைக் கேட்டு.

"ஏண்டி, கடையில அளந்தியாமே?" என்றேன்.

"நானா? நான் எதுக்கு அங்க போறேன்? சாவி வாங்கப் போனேன், வாசலோட வந்துட்டேன். அப்பாதான் லூசு மாதிரி பண்ணிக்கிட்டு இருந்தார்."

"என்னடி பண்ணார்?"

"உத்தரத்துல கயித்தைக் கட்டி எடைக்கல்லைத் தொங்கவிட்டு, உன் லெட்டரை ஒரு கையில வெச்சுக்கிட்டு ஆட்டி ஆட்டிப் பார்க்குறார். சாமான் வாங்க வந்தவங்களை 'இருங்க, எண்ணிக்கிட்டு இருக்கேன்'னு நிக்கவெச்சுட்டார். இடுப்பைப் பிடிச்சுக்கிட்டே ஸ்டூல் மேல ஏறுறார்மா. சொன்னா கேட்கலை."

போனை வைத்துவிட்டு அழுதேன். சிணுங்கி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். இந்த விடுதியில் சிணுங்குவது அவள் வேலை, நான் பறித்துக்கொண்டேன்.

நீங்கள் பேசாமல் இருந்திருந்தாலே போதுமே. எனக்குப் பத்து புள்ளி எட்டே வந்திருக்கும். பெட்டியோடு வந்து நின்றிருப்பேன். நீங்கள் கேட்டது அப்படியே நடந்திருக்கும். பிறகு ஏன் எழுதினீர்கள்? அதையும் நேராக எழுதாமல் பிள்ளைமேல் ஒரு கதையைக் கட்டி ஏன் எழுதினீர்கள்?

அலுப்பில் எழுதினேன் என்றீர்களே, அந்த வார்த்தை இன்னும் நிற்கிறதா? நிற்கிறது என்றால் சொல்லுங்கள். தேறிவிட்டேன் என்பதற்காக உங்களை விட்டுவிட்டு இருக்க என்னால் முடியாது. வா என்றால் வருகிறேன். மனசார வருகிறேன்.

உங்கள் பதில் வருகிறவரை எனக்குச் சாப்பாடு இறங்காது.

உங்கள்,
நான்

•

கடை
மார்ச் 27

அன்புள்ள வாலு அம்மாவுக்கு,

நாம் பெற்றது சரியான கோள்மூட்டி. அவளை நம்பி ஒரு பொய்கூடச் சொல்ல முடியாது.

நேராக எழுதியிருக்கலாம்தான். எழுதினால் "கடைக்காரர் எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டாரா" என்று நீ முறைத்துக்கொள்வாய். உனக்கே தட்டுப்பட்டதாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று பார்த்தேன். கதை கட்டிப் பழக்கமில்லை, மாட்டிக்கொண்டேன்.

ஏன் எழுதினாய் என்று கேட்டிருக்கிறாய். உண்மையைச் சொன்னால், எழுதாமல் இருந்து பார்த்தேன். எடைக்கல்லை ஆட்டிப் பார்த்துத் தப்பு எங்கே என்று தெரிந்ததும் சந்தோஷம்தான் முதலில் வந்தது. பேசாமல் இருந்தால் நீ வந்துவிடுவாய். வாயைப் பொத்திக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்தேன். உன் ஸ்டூலைத் துடைத்துக்கூட வைத்துவிட்டேன். அப்புறம் நீ அதில் உட்கார்ந்து அளப்பதை நினைத்துப் பார்த்தேன். நீ லாபம் என்று சொல்லும்போதெல்லாம் எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. தோற்றுப்போனேன் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். காலம் முழுக்க உனக்கு ஒரு படி குறைத்து அளந்துவிட்டு உன் கையால் சாப்பிட வேண்டும். என்னால் முடியாது. ஒரு வாடிக்கைக்காரருக்கே அப்படிச் செய்ததில்லை.

அலுப்பு அப்படியேதான் இருக்கிறது. போய்விட்டது என்று எழுதினால் அது இன்னொரு பொய், அதையும் அவள் போட்டுக்கொடுப்பாள். ஆனால் அந்த வரியை நீ அடித்துவிடு. திரும்பி வருகிற பேச்சை எடுக்காதே என்று எழுதினேனே, அந்த வரியை. இது உன் வீடு. நீ வராமல் இருந்துவிடுவாயோ என்ற பயத்தில் எழுதியது அது. இருந்து முடித்துவிட்டு வா.

மூட்டையைப் பாதிப் பாதியாகக் கட்டி அனுப்பச் சொல்லிவிட்டேன். டாக்டர் கேட்டால் அதுவும் கூடாது என்பார், அதனால் கேட்கவில்லை. நேற்று வாலு கடைக்கு வந்தாள். சத்தியமாக வந்தாள், வேண்டுமானால் போன் போட்டுக் கேட்டுக்கொள். படியைத் தொடவில்லை. இன்னும் கழற்றாமல் இருந்த எடைக்கல்லைப் பார்த்தாள். கையால் ஒரு இழுப்பு இழுத்து ஆட்டிவிட்டாள். அது நிற்கிறவரை நின்று பார்த்துவிட்டுத்தான் போனாள்.

அடுத்த வருஷம் இதே மார்ச்சில் நீ முடித்துவிடுவாய். நான் இப்போதே எண்ண ஆரம்பித்துவிட்டேன். உங்கள் லேபில் மாதிரி பூஜ்யத்திலிருந்து இல்லை, நம் கடைக் கணக்கு. இந்த மாதத்தை லாபம் என்று வைத்துக்கொண்டேன். அடுத்த மாதம் இரண்டு. பன்னிரண்டு என்று நான் சொல்லும்போது இன்னும் ஒரு மாதம் பாக்கி இருக்கும் என்று எனக்கும் தெரியும். தெரிந்துதான் அப்படி எண்ணுகிறேன். உங்கள் சாரிடம் சொல்லிவிடாதே.

இனி சாப்பிடு.

வாலு அப்பா